கல்யாண வீடியோ அனுப்ப எந்த கிளவுட் சரிப்படும்? 15 ஜிபி கணக்கில் ஒளிந்திருக்கும் சிக்கல்!

கல்யாணம் முடிஞ்சதும் போட்டோகிராஃபர் ஒரு லிங்க் அனுப்புவார். "எல்லாம் இதுல இருக்கு, டவுன்லோட் பண்ணிக்கோங்க" என்பார். நாமும் சொந்தக்காரங்க குரூப்பில் தட்டிவிடுவோம். அந்த ஃபைல் எங்கே இருக்கு, எத்தனை நாளைக்கு இருக்கும்? அதை மட்டும் கேட்கவே மாட்டோம்.

ஜிமெயிலில் 25 எம்பி-க்கு மேல் இணைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக 2 ஜிபி வரை போகும். அதைத் தாண்டினால் கிளவுட் தான்.

பெரும்பாலானோர் போவது கூகுள் டிரைவ். இலவசமாக 15 ஜிபி. ஆனால் இது ஜிமெயில், கூகுள் போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏற்றும் படங்களும் இதில்தான் கழியும். இடம் முழுசா நிரம்பிட்டா, மெயில் வருவதே நின்றுவிடும். இன்டர்வியூ அழைப்புக்குக் காத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஒன்டிரைவில் 5 ஜிபி. வேர்டு, எக்செல் ஃபைல்களைச் சேர்ந்து திருத்துபவர்களுக்கு வசதி. அவுட்லுக் மெயில் அட்டாச்மெண்ட்டும் இதில்தான் சேரும்.

டிராப்பாக்ஸில் வெறும் 2 ஜிபி. இதுல இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒருவர் தன் ஃபோல்டரில் உங்களைச் சேர்த்தால், அதன் முழு அளவும் உங்கள் கணக்கிலும் கழியும். 3 ஜிபி ஃபோல்டர் என்றால் இலவசக் கணக்கில் சேரவே முடியாது. லிங்க்கில் பார்த்தால் கழியாது. கூகுள் டிரைவில் ஃபைலுக்கு உரிமையாளர் யாரோ, அவர் கணக்கில் மட்டும்தான் கழியும்.

இடம்தான் முக்கியம் என்றால் மெகா. 20 ஜிபி இலவசம், நிறுவனமே திறந்து பார்க்க முடியாத என்கிரிப்ஷன். ஆனா பாஸ்வேர்டை மறந்து, ரெக்கவரி கீயும் கையில் இல்லையென்றால் ஃபைல்கள் போச்சு. இலவசக் கணக்கில் டவுன்லோடுக்கும் வரம்பு உண்டு. பெரிய வீடியோ பாதியில் நின்றால் பதற வேண்டாம், கொஞ்ச நேரம் கழித்துத் தொடரலாம்.

எந்த சேவையாக இருந்தாலும் ஷேரிங் செட்டிங்கைப் பாருங்க. டிரைவில் புது ஃபைல் பூட்டியே இருக்கும். "ஓப்பன் ஆகலையே" என்று யாராவது கேட்டதும், 'லிங்க் உள்ள எவரும்' என்று மாற்றிவிடுகிறோம். கல்யாண போட்டோவுக்கு அது பரவாயில்லை. ஆதார், மார்க்‌ஷீட், பத்திர நகல் என்றால் கூடவே கூடாது! அந்த லிங்க் எத்தனை குரூப்புக்கு ஃபார்வர்டு ஆனாலும் திறக்கும். பெறுபவரின் மெயில் ஐடியை மட்டும் சேருங்க, வேலை முடிந்ததும் நீக்கிடுங்க.

போட்டோகிராஃபர் லிங்க் விஷயத்துக்கு வருவோம். அது சாவி மட்டும்தான், பொருள் அவர் கணக்கில் இருக்கு. இடம் காலி பண்ண அவர் டெலிட் செய்தால் உங்களுக்கும் கிடைக்காது. 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை கூகுளே நீக்கலாம். அதனால் லிங்க் வந்த வாரமே டவுன்லோட் பண்ணி, ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி போட்டு வைங்க.