கியூவில் எவ்வளவு பாரம் இருக்க வேண்டும்?

நெல்லியடியில் கரம் விளையாடி வளர்ந்த பெடியன் ஒருவன் முதல்தடவை ஸ்னூக்கர் மேசைக்கு வந்தால், பெரும்பாலும் இருப்பதிலேயே பாரமான கியூவைத்தான் தேடி எடுப்பான். பாரம் கூடினால் அடியும் கூடும் என்ற நினைப்பு. கரத்தில் இந்தச் சபலத்துக்கு இடமே இல்லை. சர்வதேச விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. ஸ்னூக்கர் விதியோ கியூ மூன்று அடிக்குக் குறையக் கூடாது, வழக்கம்போல நுனி நோக்கிச் சிறுத்து வர வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பாரத்துக்கு எல்லை இல்லை. ஆனாலும் ஸ்னூக்கர் ஆடுபவர்களில் பெரும்பாலானோர் 17 முதல் 19 அவுன்ஸுக்குள், அதாவது ஏறக்குறைய 480 முதல் 540 கிராமுக்குள், வந்து நிற்கிறார்கள். இது ஏன் என்பதை உரலடியில் நின்று பார்த்தால் விளங்கும்.

மில் வந்து எத்தனையோ காலமாகியும், எள்ளையும் மிளகாய்த்தூளையும் உரலில் இடிக்கிற வீடுகள் இன்னும் உண்டு. கைப்பழக்கம் உள்ள ஒரு அம்மா இடிப்பதைக் கவனியுங்கள். தூக்கும்போது பிடி இறுகும், இறங்கும்போது தளரும். இடிப்பது உலக்கை, அதை நேராக விடுவது மட்டுமே கையின் வேலை. பாரம் குறைந்த உலக்கையைக் கொடுத்தால் அவர் அமுக்கிக் குத்த வேண்டி வரும். அமுக்குகிற கை சரியும், உலக்கை உரலின் விளிம்பில் தட்டும், மா வெளியே சிந்தும். பாரம் மிஞ்சினால் கொஞ்ச நேரத்தில் தோள் நோகும். அதைவிடப் பெரிய கெடுதி வேறு: எள்ளை மெல்லக் குத்த வேண்டிய இடத்தில் உலக்கை சொல்வழி கேளாது. எண்ணெய் கக்க நசுக்கிவிட்டுத்தான் நிற்கும்.

கியூவும் அப்படித்தான். அதன் நுனித் தோல், அதாவது டிப், பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அந்த இடைவெளிக்குள் கை ஒன்றும் செய்ய முடியாது. விரல்களும் உள்ளங்கையும் மெத்தென்ற சதை. தோளின் பலத்தை அவ்வளவு விரைவாக மரத்துக்குள் கடத்த அவற்றால் இயலாது. ஆகவே பந்து சந்திப்பது உங்கள் புஜத்தை அல்ல, கியூவின் பாரத்தையும் வேகத்தையும் மட்டுமே. பிடியை இறுக்கினால் அடி பலப்படாது, கோடுதான் வளையும்.

ஓரிடத்தில் உலக்கைக் கதை உதவாது. உலக்கை மேலிருந்து விழுகிறது, பூமி அதை இழுத்துக்கொள்கிறது. கியூ கிடையாகப் போகிறது. அதன் வேகம் முழுவதையும் நீங்களே கொடுக்க வேண்டும். ஸ்னூக்கர்ப் பந்து 52.5 மில்லிமீட்டர் விட்டம், ஏறத்தாழ 140 கிராம். 17 அவுன்ஸ் கியூவையும் 20 அவுன்ஸ் கியூவையும் ஒரே வேகத்தில் செலுத்தினால், பாரமான கியூ பந்துக்குக் கொடுக்கும் வேகம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் கூட. பாரத்தை இழுக்கும் கை சற்றுத் தாமதித்தாலே அந்த ஆதாயமும் போய்விடும். பலமாக அடிப்பதற்காகப் பாரமான கியூ வாங்குவது வீண் செலவு.

பாரம் பயன்படுவது நேர்கோட்டுக்கு. ஓடத் தொடங்கிய பாரமான கியூவைக் கையின் சிறு நடுக்கம் இலகுவில் திசைமாற்றாது. ஆனால் வெள்ளைப் பந்தை ஒரு சாண் தூரம் மட்டும் நகர்த்த வேண்டிய அடியில் அதே குணம் எதிரியாகும். இந்த மென்மையான அடியில் கைதேர்ந்தவர்களுக்கு நம் தீவிலேயே குறைவில்லை: 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் பட்டத்தைக் கொண்டுவந்தவர் இலங்கையின் எம். ஜே. எம். லாஃபிர். பில்லியர்ட்ஸ் முரட்டு அடிக்காரரை மன்னிக்காத ஆட்டம். நான் சொல்வேன், கியூவின் பாரத்தை உங்கள் மிக மெதுவான அடியை வைத்தே முடிவு செய்யுங்கள்.

கடைக்காரர் சொல்லும் அவுன்ஸ் பாதிக் கணக்குத்தான். அந்தப் பாரம் எங்கே குந்தியிருக்கிறது என்பது மீதி. கியூவின் முன்பகுதி ஆஷ் அல்லது மேப்பிள் மரம். பிடிப்பக்கம் பெரும்பாலும் கருங்காலி. தண்ணீரில் தாழ்ந்துபோகிற மரம் அது, எங்கள் வன்னிக் காட்டிலும் வளர்கிறது. கியூவை ஒரு விரலில் கிடையாக நிறுத்திப் பாருங்கள். அடிமுனையிலிருந்து 16 முதல் 18 அங்குலத்துக்குள் சமநிலை கிடைத்தால் நல்லது. சமநிலை அதைவிடப் பின்னால் இருந்தால் நுனி மிதப்பதுபோல் இருக்கும். முன்னால் இருந்தால் 17 அவுன்ஸும் 19 போலக் கனக்கும். பந்தைப் பக்கவாட்டில் அடிக்கும்போது அது குறி விலகிப் போவதற்கும் மொத்தப் பாரம் காரணமல்ல. நுனியை அண்டிய சில அங்குலத்தின் பாரமே காரணம். அங்கே உள்ள பித்தளைப் பூண் மெல்லியதாக இருப்பது நன்று.

சோதிக்கும் விதம் இலேசானது. வெள்ளைப் பந்தை மண்ணிறப் புள்ளியில் வைத்து, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளிகளுக்கு மேலாக மேல் குஷனுக்கு அடியுங்கள். நேராகத் திரும்பி வந்து டிப்பைத் தொட வேண்டும். அடிக்கடி பக்கம் விலகினால் அரை அவுன்ஸ் கூட்டிப் பார்க்கலாம். பிறகு அதே இடத்திலிருந்து மேல் குஷனைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி மெல்ல உருட்டுங்கள். எப்போதும் தூரம் மிஞ்சினால் பாரத்தைக் குறையுங்கள். ஒரு மணி நேரம் ஆடியபின் இரண்டையும் திரும்பச் செய்யுங்கள். களைத்த கை பொய் சொல்லாது.

பாரத்தைக் கூட்ட உடனே புதுக் கியூ வாங்க வேண்டாம். மெல்லிய ஈயத் தகட்டில் 14 கிராம் வெட்டி, சிறு டிஜிட்டல் தராசில் நிறுத்து, பிடிப்பக்கத்தில் டேப்பால் சுற்றிச் சில கிழமை ஆடுங்கள். அரை அவுன்ஸ் அவ்வளவுதான். பூல் மேசையில் பழகிய பாரத்தை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். அந்தப் பந்து பெரிது, பாரமும் கூட, கியூவின் நுனியும் தடிப்பு.

புதிதாகத் தொடங்குபவருக்கு 18 அவுன்ஸ் போதும். லண்டனிலிருந்து வரும் மாமாவிடம் கியூ கேட்பதானால், “நல்ல கியூ ஒன்று” என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். நடுவில் பிரியும் கியூ பயணப் பெட்டிக்குள் அடங்கும், ஆனால் மூட்டின் பித்தளை சமநிலையை முன்னே நகர்த்தும். 18 அவுன்ஸ், சமநிலை 17 அங்குலத்தில், டிப் 9.5 மில்லிமீட்டர் என்று எழுதி அனுப்புங்கள்.