கைக்கு அடக்கமான கமரா

கமரா ஒன்றின் எடையைக் கடையில் நின்று கையிலேந்திப் பார்க்கும்போது எவரும் அறிவதில்லை. பளபளக்கும் கருவி, புதுத்தோல் உறையின் மணம், விற்பனையாளரின் இன்சொல் ஆகியவற்றின் நடுவே ஒன்றரைக் கிலோ என்பது ஒரு பொருட்டாகத் தோன்றாது. அதே கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் மூன்று மைல் நடந்த பின்னரே அதன் எடை புலப்படும். அடுத்த நாள் அது அலுமாரியில் இருக்கும். அதற்கடுத்த நாளும் அங்கேயே இருக்கும். கமரா வைத்திருப்போர் பலருடைய கதை இதுவே.

அன்றாடம் உடன் கொண்டுசெல்லத் தக்கதாயும், வில்லைகளை மாற்றிப் பூட்டத் தக்கதாயும் உள்ள ஒரு சிறு கமராவைத் தெரிவது எப்படி என்று மாணவரும் நண்பரும் என்னிடம் வினவுவதுண்டு. அவர்களுட் பெரும்பாலோர் சிறிய கமராவைப் பெரிய கமராவின் ஏழை உறவினனாகவே எண்ணுகின்றனர். பெரியதை வாங்கப் பணமில்லாதவன் சிறியதை வாங்குகிறான் என்பது அவர்கள் கருத்து. புகைப்படக் கலையின் வரலாறு இக்கருத்துக்கு இடந் தரவில்லை.

ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரிலே, நுணுக்குக்காட்டிகள் செய்து புகழ்பெற்ற லீற்ஸ் தொழிற்சாலையில் 1911ஆம் ஆண்டு சேர்ந்தவர் ஒஸ்கார் பார்னாக். அவர் உடல்நலம் குன்றியவர். கண்ணாடித் தட்டுக்களையும் பெட்டிக் கமராவையும் முக்காலியையும் சுமந்து மலைச்சாரல்களில் அலைவது அவருக்கு இயலாதிருந்தது. ஆகவே சினிமாப் படச்சுருளை எடுத்து, சினிமாச் சட்டம் ஒன்றைப்போல் இருமடங்கான பரப்பை, அதாவது 24 மில்லிமீற்றருக்கு 36 மில்லிமீற்றரை, ஒரு படத்துக்கென ஒதுக்கி, சட்டைப்பையில் அடங்கும் கருவி ஒன்றை முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் செய்தார். போர் முடிந்து ஆண்டுகள் பல கழிந்தபின், 1925இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் அது லைக்கா என்ற பெயரோடு வெளிவந்தது. 1930இல் வில்லையை மாற்றிக்கொள்ளும் வசதியும் சேர்ந்தது. அன்று மிகமிகச் சிறிதாக இருந்த அந்த 24க்கு 36 என்ற அளவுதான் இன்று ‘முழுச்சட்டம்’ என்ற பெரும் பெயரோடு கடைகளில் உயர்ந்த பீடத்தில் வீற்றிருக்கிறது! பெரியது, சிறியது என்பன காலந்தோறும் இடம் மாறுகின்றன.

யப்பானிலே இவ்வழியில் நடந்தவர் யொஷிஹிசா மைத்தானி. 1956இல் ஒலிம்பஸ் நிறுவனத்திற் சேர்ந்த இவ்விளைஞர், முப்பத்தைந்து மில்லிமீற்றர்ச் சட்டத்தையும் பாதியாக்கி, முப்பத்தாறு படச் சுருளில் எழுபத்திரண்டு படங்கள் எடுக்கும் ‘பென்’ கமராவை 1959இல் உருவாக்கினார். பேனாவைப்போல் உடன் செல்லவேண்டும் என்பதே பெயரின் பொருள். 1963இல் வந்த ‘பென் எப்’ வில்லை மாற்றத்தக்கது. அதன் கண்ணாடி மேல்நோக்கி எழாமல் பக்கவாட்டில் ஒதுங்குமாறு அமைந்தமையால், அக்காலத்து ஏனைய பிரதிபிம்பக் கமராக்களின் தலையிலிருந்த கூன் இதற்கு இல்லை. 1972இல் அவர் செய்த ஓஎம்-1 முழு அளவுப் படச்சுருளுக்கே உரியது. ஆயினும் உடலைச் சுருக்கும் பிடிவாதத்தை அவர் விடவில்லை. ஒலிம்பஸ் நிறுவனம் பழைய ‘பென்’ பெயரைத் தன் புதிய எண்முறைக் கமராவுக்கு மீண்டும் சூட்டியது 2009 ஜூன் மாதம். மைத்தானி காலமானது அதே ஆண்டு ஜூலை இறுதியில்.

இனி, கருவி எவ்வாறு சிறுத்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம். பிரதிபிம்பக் கமராவில் வில்லைக்கும் படம் விழும் தளத்துக்கும் இடையே ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். அது எழுந்து தாழ இடம் வேண்டும். நிக்கோன் நிறுவனத்தின் பழைய பொருத்தியில் இவ்விடைவெளி 46.5 மில்லிமீற்றர். ஒளியுணரியே பட்டறிந்ததை நேராகத் திரையிற் காட்டும் காலம் வந்ததும், அக்கண்ணாடிக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஒலிம்பசும் பனசோனிக்கும் 2008ஆம் ஆண்டு ஓகஸ்டில் சேர்ந்து அறிவித்த ‘மைக்ரோ போர் தேர்ட்ஸ்’ முறையில் அவ்விடைவெளி ஏறத்தாழ 20 மில்லிமீற்றராகச் சுருங்கியது. கண்ணாடியோடு அதன்மேல் அமரும் பட்டகமும் கூனும் போயின. உணரியின் அளவும் 17.3க்கு 13 மில்லிமீற்றராகக் குறைக்கப்பட்டது. உண்மையான இலாபம் இங்கேதான் இருக்கிறது. உணரி சிறிதானால் அதன்மேல் ஒளியைப் பரப்பும் வில்லையும் சிறிதாகலாம்.

கண்ணாடியை நீக்கிவிட்டாற் போதும், கமரா இலேசாகிவிடும் என்று நம்புவோர் கவனிக்க வேண்டியது இது. 2013இல் வெளியான சோனி ஏ7 முழுச்சட்ட உணரி கொண்டது. மின்கலத்தோடும் நினைவு அட்டையோடும் அதன் எடை 474 கிராம் மட்டுமே. ஆனால் அதே பொருத்திக்கு 2016இல் வந்த 24-70 எப்2.8 வில்லையின் எடை 886 கிராம்! வண்டி சிறிதாயிற்று, பாரம் அப்படியே இருக்கிறது. ஆதலால் கமராவின் உடலைமட்டும் தராசில் இட்டுப் பார்ப்பது வீண் வேலை. எந்த வில்லையோடு வெளியே போவோமோ அதையும் பூட்டியே நிறுக்க வேண்டும்.

என் கணக்கையே கூறுகிறேன். என்னிடம் உள்ள பெரிய கமரா 2014இல் வந்த நிக்கோன் டி750. மின்கலத்தோடு 840 கிராம். அதன் 24-120 வில்லை 710 கிராம். ஆக 1,550 கிராம். அன்றாடப் பாவனைக்கென நான் பின்னர் தெரிந்தது, 2015இல் வெளிவந்த ஒலிம்பஸ் ஈ-எம்10 இரண்டாம் வார்ப்பு. மின்கலமும் அட்டையும் சேர்ந்து 390 கிராம். 17 மில்லிமீற்றர் எப்1.8 வில்லை 120 கிராம். ஆக 510 கிராம், அதாவது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. 45 மில்லிமீற்றர் வில்லையையும் பையிற் போட்டால் மேலும் 116 கிராம். முன்னது தெருவையும் முற்றத்தையும் காண்பதற்கு. பின்னது முகத்தைக் காண்பதற்கு. பாடக் கொப்பிகளுக்கும் குடைக்கும் இடையில் இவை கிடந்தால் தோள் அறிவதில்லை.

பாடசாலைக்கு நான் நடந்துசெல்லும் ஒழுங்கையிலே ஒரு பழைய நாற்சார் வீடு இருந்தது. உரிமையாளர் வெளிநாட்டில். ஒரு புதன்கிழமை காலையில் அதன் தூண்களைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். முன்னறிவித்தல் எதுவும் இல்லை. முற்றத்தில் விழுந்த வெளிச்சத்தையும், கூரையற்று நின்ற திண்ணையையும், கதவு நிலையில் இருந்த செதுக்கு வேலையையும் அன்று நான் எடுத்த பதினான்கு படங்களே இப்போது எஞ்சியிருப்பவை. அவ்வீட்டாரின் குடும்பப் படங்கள் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு தொலைந்து போனவை என்று பின்னர் அறிந்தேன். ஒரு நாள் பிந்தியிருந்தால் தூண் இல்லை. பெரிய கமரா ஒரு வேலைநாட் காலையில் என் பையில் இருந்திருக்கவும் இல்லை. எங்கள் பகுதியில் இவ்வாறு எடுக்கப்படாமலே போன வீடுகள் எத்தனை!

இன்னொன்றும் உண்டு. வடபுலத்தில் வாழ்ந்தோருக்குப் பெரிய கமராவைக் கண்டால் உள்ளூர ஒரு கூச்சம் எழுவது இயல்பு. சோதனைச் சாவடிகளையும் விசாரணைகளையும் கண்ட தலைமுறை அது. குருநகர்க் கரையிலே பெரிய கருவியை உயர்த்தினால், வலை தைத்துக்கொண்டிருக்கும் பெரியவர் கையை நிறுத்திவிட்டு, “மாஸ்ரர், இது எந்தப் பேப்பருக்கு?” என்று கேட்பார். கேள்வி மரியாதையானதே, ஆனால் வலை தைக்கும் கை நின்றுவிட்டது. சிறு கமராவைக் கண்டு எவரும் அவ்வாறு கேட்டதில்லை. “பிள்ளையின்ரயோ?” என்று ஒருவர் நகைத்ததுண்டு. அதை நான் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டேன்.

இழப்பு இல்லையோ எனில், உண்டு. முழுச்சட்ட உணரியின் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். இதன் பரப்பு 225. ஒரே ஒளியளவில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடிய ஒளியையே இது திரட்டும். இருள் கூடுந்தோறும் படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் முன்னதாகவே தலைகாட்டும். பின்னணியை மெழுகுபோல் உருக்கி முகத்தை மட்டும் பிரித்துக் காட்டுவதிலும் இது பின்தங்கியே நிற்கும். உடலினுள்ளே உணரியைத் தாங்கி அசைவை ஈடுசெய்யும் ஐந்தச்சுப் பொறி உண்டு. மங்கலான கோயில் மண்டபத்தில் அது எனக்குப் பெருந்துணை. ஆனால் அப்பொறி நிறுத்துவது என் கையின் நடுக்கத்தை. காவடி ஆடுபவரின் காலை அன்று. இரவுத் திருவிழாவுக்கு நான் இன்றும் பெரிய கமராவையே கொண்டுபோகிறேன். மின்கலத்திலும் வேற்றுமை பெரிது. நிக்கோனுக்குக் குறித்த கணக்கு 1,230 படம், ஒலிம்பசுக்கு 320. மேலதிக மின்கலம் ஒன்று இல்லாமல் வெளியூர் போதல் கூடாது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஏபிஎஸ்-சி எனப்படும் இடைத்தர உணரி உண்டு. 2014இல் வந்த சோனி ஏ6000 அட்டையும் மின்கலமும் சேர்ந்து 344 கிராமே. பூஜி நிறுவனத்தின் கமராக்கள் பலவும் இவ்வகையின. உருவப்படங்களில் மிகுந்த நாட்டமுடையோருக்கு இவை ஏற்றவை. எனக்குச் சிறிய வில்லைகளே முதன்மையாகப் பட்டன.

வாங்குவோர் பொருத்தியின் ஆயுளையும் எண்ணவேண்டும். நிக்கோன் 2011இல் தொடங்கிய ‘நிக்கோன் 1’ வரிசை 2018இல் முடிந்தது. கனோனின் ‘ஈஎப்-எம்’ 2012இல் பிறந்து 2023இல் நிறுத்தப்பட்டது. கமரா நின்றுவிடுவதில்லை, புதிய வில்லை வருவது நின்றுவிடுகிறது. ஒலிம்பஸ் தன் கமராத் தொழிலை 2021 தொடக்கத்தில் வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது என் போன்றோர் கலங்கியது உண்மை. பொருத்தி இரு நிறுவனங்களுக்குப் பொதுவானதாக இருந்தது ஆறுதல் தந்தது.

பழைய கமராவை வாங்குவோர் வில்லையை விளக்கொளிக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். நம் கடற்காற்றும் ஈரமும் பூஞ்சணத்துக்கு உகந்தவை. சிலந்திவலைபோல் மெல்லிய இழை தெரிந்தால் விலை எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுங்கள். தோலுறையில் பூட்டி வைப்பது பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். இறுக மூடும் பெட்டியும் உள்ளே சிலிக்கா ஜெல் பொதிகளும் போதும். கண்ணாடி இல்லாத கமராவில் வில்லையைக் கழற்றியதும் உணரி எதிரே தெரியும். தூசி பறக்கும் தெருவில் வில்லை மாற்றாதிருத்தல் நன்று.

கைத்தொலைபேசி இருக்க இவையெல்லாம் எதற்கு என்பாரும் உளர். வில்லை மாற்றும் விருப்பம் இல்லாதவருக்கு அது போதும் என்பதே என் விடை. அவரிடம் நான் வாதாடுவதில்லை. விருப்பம் உண்டோ இல்லையோ என்பதை அறியவும் ஒரு வழி இருக்கிறது. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கமரா வாங்கவேண்டும் என்று வந்தபோது, என்னுடையதை இரு வில்லைகளோடும் ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தேன். வாரம் முடிந்ததும் வந்தாள். 45 மில்லிமீற்றர் வில்லையைத் துணியிற் சுற்றித் திருப்பித் தந்துவிட்டு, “மற்றதை இன்னும் ஒரு கிழமைக்கு வைச்சிருக்கட்டோ, சேர்?” என்று கேட்டாள்.