வாஞ்சூருக்கு இந்தப் பக்கம் ரம்மி



நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பஸ் ஏறி நம் ஊருக்கு வருகிறவர்களுக்கு வாஞ்சூர் சோதனைச் சாவடி தெரியாமல் இருக்காது. அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுச்சேரி மாநிலத்துக் காரைக்கால். தரையில் கோடு எதுவும் கிடையாது. ஆனாலும் தாண்டினால் பெட்ரோல் விலை வேறு, பாட்டில் விலை வேறு. 2025 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை இன்னொன்றும் வேறாக இருந்தது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை அந்தப் பக்கத்தில் காசு கட்டி ஆன்லைன் ரம்மி ஆடக்கூடாது என்று விதி. அந்த விதி தமிழ்நாட்டோடு சரி. வாஞ்சூருக்கு இந்தப் பக்கம் அதற்கு வேலை இல்லை!

அப்புறம் மத்திய அரசின் சட்டம் வந்தது. இப்போது நம் கேன்டீனில் தினமும் கேட்கிற பேச்சு இதுதான்: "என் காசு, என் போன், என் நேரம். நான் ஆடினால் அரசாங்கத்துக்கு என்ன?" பதினெட்டு வயது ஆகிவிட்டது, ஓட்டுப் போடலாம், லைசென்ஸ் எடுக்கலாம், சீட்டாட மட்டும் கூடாதா என்கிறார்கள். கேள்வி நியாயமான கேள்விதான். ஆகவே இந்த விவகாரத்தை அடியிலிருந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வக்கீல் இல்லை, இரண்டாமாண்டு எலக்ட்ரிகல். அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

1867-ல் வெள்ளைக்காரன் பொதுச் சூதாட்டச் சட்டம் என்று ஒன்று போட்டான். (அப்போது நம் ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது, 1954 நவம்பர் 1-ல்தான் இந்தியாவோடு வந்தது.) திறமையால் மட்டும் ஆடும் ஆட்டத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே ஒரு வரி உண்டு. இந்த ஒரு வரிதான் இன்று வரை நடக்கிற எல்லாச் சண்டைக்கும் விதை. 1957-ல் உச்ச நீதிமன்றம், சூதாட்டம் வியாபாரமே அல்ல, அதனால் அரசியல் சட்டம் கொடுக்கிற தொழில் சுதந்திரத்தை அதற்குக் கேட்க முடியாது என்றது. 1968-ல் ஆந்திரத்து வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும் அல்லவா? ரம்மிக் கம்பெனிகள் எல்லாம் இந்தத் தீர்ப்பைத்தான் கையில் பிடித்துக்கொண்டு நின்றன. ஆனால் இதே தீர்ப்பில், ஆட்டம் நடத்துகிற கிளப்காரர் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. அதை விளம்பரத்தில் யாரும் சொன்னதில்லை!

சூதாட்டம் அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் 34-வது இனம். அதனால் மாநிலங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு, 2021 பிப்ரவரியில் அதைச் சட்டமாக்கியது. ஆகஸ்டு 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் அடித்துவிட்டது. திறமை ஆட்டத்தையும் சேர்த்து மொத்தமாகத் தடுப்பது அளவுக்கு மீறியது என்றார்கள். 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, மறுபடி அவசரச் சட்டம், மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டசபை இரண்டாம் முறை நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தடுக்க முடியாவிட்டால் கட்டுப்படுத்தலாம் அல்லவா? அப்படி வந்ததுதான் 2025 பிப்ரவரி விதி. ராத்திரி ஐந்து மணி நேரம் மூடல், ஆதார் சரிபார்ப்பு, பதினெட்டுக்குக் கீழ் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் திரையில் எச்சரிக்கை. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3-ல் உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது.

மீனவர் தெருக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. கடல் யாருடையது, படகு யாருடையது என்று கேட்கலாம்தான். மீன் குஞ்சு பொரிக்க வேண்டும் என்று தெரிந்ததால் சங்கடப்பட்டாவது இருந்துவிடுகிறோம். தமிழ்நாட்டு விதி தடைக்காலம் மாதிரி. மத்திய அரசு செய்தது படகையே கரையேற்றிய மாதிரி.

அந்த மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டு 20-ல் மக்களவை, 21-ல் மாநிலங்களவை, 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று மூன்றே நாளில் முடிந்தது. நமக்கு அரியர் ரிசல்ட் கூட இவ்வளவு வேகமாக வந்ததில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று 1867-ன் அந்த ஒரு வரியை ஒரேயடியாகத் தாண்டிவிட்டார்கள். நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு வருடம், ஐம்பது லட்சம் வரை. ஆடுகிறவருக்குத் தண்டனை கிடையாது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ட்ரீம் லெவன் பெயர் போனது இதனால்தான்.

சரி, 'திறமை ஆட்டம்தானே, நான் கெட்டிக்காரன், ஜெயிப்பேன்' என்பவருக்கு ஒரு கணக்கு. நாம் படித்த கணக்குதான். ஆறு பேர் தலைக்கு நூறு ரூபாய் கட்டுகிறார்கள். மொத்தம் 600. ஆப் பத்து சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தவருக்கு 540. ஆறு பேரும் ஒரே திறமை என்றால், சராசரியாக உங்கள் நூறு ரூபாய் ஓர் ஆட்டத்துக்குப் பிறகு 90. அதையே திரும்பக் கட்டினால் 81. ஏழாவது ஆட்டம் முடியும்போது 48 ரூபாய்க்குக் கீழே. இருபதாவது ஆட்டத்தில் 12 ரூபாய் சில்லறை. யாரும் ஏமாற்றவில்லை, சீட்டு ஒழுங்காகத்தான் கலைத்தார்கள், ஆனாலும் பணம் கரைந்துவிட்டது. டிரான்ஸ்பார்மரிலாவது நஷ்டம் சூடாகத் தெரியும், கை வைத்தால் சுடும். இங்கே தெரியாது. நடுநடுவே ஜெயிக்கிறோம் அல்லவா, அதுதான் மனதில் நிற்கும். 2023 அக்டோபர் 1 முதல் கட்டுகிற பணத்தின் மேல் 28 சதவீத ஜி.எஸ்.டி. வேறு வந்தது. தடைச் சட்டம் வரும் வரை அரசாங்கமும் ஒரு கை பார்த்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

மற்றவர்களைவிடக் கெட்டிக்காரன் ஜெயிக்க மாட்டானா? ஜெயிப்பான். யாரிடமிருந்து என்பதுதான் கேள்வி. புதிதாக வந்தவனிடமிருந்து, தூக்கக் கலக்கத்தில் ஆடுகிறவனிடமிருந்து, போனதைப் பிடித்துவிடலாம் என்று மறுபடி கட்டுகிறவனிடமிருந்து. எங்கள் சித்தப்பா மாதிரி ஆளிடமிருந்து.

சித்தப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றுகிற வேலை. தடைக்காலத்தில் வேலை கிடையாது. சும்மா இருந்த அந்த 61 நாளில்தான் போனில் ரம்மி பழகினார். எந்த ஆப் என்பது இங்கே முக்கியமில்லை. முதலில் ஐநூறு ரூபாய் ஜெயித்து எங்கள் வீட்டுக்கெல்லாம் புரோட்டா வாங்கி வந்தார். மூன்று மாதம் கழித்து, சித்தி மகளிர் குழுவில் வாங்கி பீரோவில் வைத்திருந்த நாற்பதாயிரம் இல்லை. ஆடு வாங்குவதற்கு என்று எடுத்த கடன் அது. வாராவாரம் தவணை கட்ட வேண்டும், கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பெண்களும் வாசலில் வந்து நிற்பார்கள். வந்தும் நின்றார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான் என்பதால் சித்தி பேசுவதற்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

"ஏன்டா தம்பி, அவரு காசு, அவரு ஆடுனாருன்னு உங்க சித்தப்பா சொல்றாரு. அவரு காசுன்னா நான் ஏன்டா கேக்கப்போறேன்? குழுவுல கையெழுத்துப் போட்டது நான். எனக்குத் தெரியாம என்னைய எப்படிடா வச்சு ஆடலாம்?"

எனக்குச் சொரேர் என்றது. இந்தக் கேள்வியை நாம் எல்லோரும் முன்பே கேட்டிருக்கிறோம். பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோது எழுதிய பாஞ்சாலி சபதம் பள்ளிக்கூடத்திலேயே நமக்குப் பாடம். திரௌபதி அம்மன் கோயில் கூத்திலும் பார்த்திருக்கிறோம். தன்னையே தோற்றுவிட்ட பிறகு என்னைப் பணயம் வைக்க அவருக்கு ஏது உரிமை என்றுதான் பாஞ்சாலி சபையில் கேட்டாள். பெரியவர்கள் எல்லாம் நிறைந்த சபையில் அவளுக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. சித்தி அந்தப் பாடம் படித்ததில்லை.

தீர்ப்புகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்குப் பட்டது இது. கம்பெனியின் தொழில் சுதந்திரம் பேசப்பட்டது, ஆடுகிறவரின் அந்தரங்க உரிமை பேசப்பட்டது. ஆடாதவரின் சுதந்திரம் வெகுநாள் வரை பொதுநலன் என்ற ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. மாதச் சம்பளம் வாங்கி, மிச்சத்தில் ஆயிரம் ரூபாய் ஆடுகிறவருக்கு 'என் காசு' என்று சொல்ல நியாயம் உண்டு. நம் வீடுகளில் எந்தக் காசு யாருடையது? என் செமஸ்டர் பீஸில் அப்பாவின் கூலி இருக்கிறது, அம்மாவின் தோடு அடகு இருக்கிறது, அக்காவின் தையல் காசு இருக்கிறது. அதை நான் தனியாக எடுத்து 'என் சுதந்திரம்' என்று கட்டினால் எதை வைத்து ஆடுகிறேன்?

ஆகவே கட்டுப்பாடு வேண்டும் என்ற கட்சி நான். ஆனால் மத்தியச் சட்டத்தை அப்படியே தலையில் வைத்து ஆடவும் மனம் வரவில்லை. அதில் ஒரு பிரிவு, அதிகாரம் பெற்ற அதிகாரி வாரண்ட் இல்லாமலே உள்ளே நுழைந்து சோதனை போடலாம், கைது செய்யலாம் என்கிறது. வீடு, கடை மட்டுமல்ல, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற இடத்தையும் சேர்த்து. ரம்மி போனதைப் பற்றி வருத்தப்படுகிற நண்பர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. சுதந்திரம் என்று சண்டை போட வேண்டுமானால் நான் இதற்குத்தான் போடுவேன்.

தடை என்றால் என்ன நடக்கும் என்பது எல்லை ஊர்க்காரர்களான நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாட்டில் எந்தெந்த வழியில் வாஞ்சூரைத் தாண்டுகிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தார்கள். பஸ் ஸ்டாண்டில் கலர் கலராகத் தொங்கிய சீட்டுக் கடைகள் போய்விட்டன, வழியோடு போகிறவன் தடுக்கி விழுவது நின்றது. தேடிப் போகிறவனுக்கு மூன்று நம்பர் லாட்டரி மறைவில் இருக்கத்தான் செய்கிறது. ஆன்லைனிலும் அப்படித்தான். ஆதார் கேட்ட உள்நாட்டு ஆப் மூடியதும், எதுவும் கேட்காத வெளிநாட்டு ஆட்டத்தின் லிங்க் டெலிகிராமில் வருகிறது. அவன் பணம் கொடுக்காவிட்டால் எந்த கோர்ட்டில் போய்க் கேட்பீர்கள்? பிரிட்டனில் தடை போடவில்லை, கடிவாளம் போட்டார்கள். 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் ஆட முடியாது. 2025-ல் ஆன்லைன் ஸ்லாட் ஆட்டத்துக்கு ஒரு சுற்றுக்கு 5 பவுண்டு என்று வரம்பு வைத்தார்கள். 18 முதல் 24 வயது வரை 2 பவுண்டுதான். ஓட்டுரிமை கொடுத்துவிட்டு இதில் மட்டும் நம் வயதைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? என்னைக் கேட்டால் தமிழ்நாட்டு விதியை வாஞ்சூருக்கு இந்தப் பக்கமும் நீட்டி, இப்படி ஒரு பண வரம்பையும் சேர்த்திருந்தால் போதும். அது சித்தியின் நாற்பதாயிரத்தைக் காப்பாற்றியிருக்குமா என்றால், பாதியையாவது காப்பாற்றியிருக்கும். மத்தியச் சட்டத்தை எதிர்த்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

கடைசியாக நம் மாணவர்களுக்கு என்று ஒரு விஷயம். அந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இங்கே பணம் வாங்கப் பேங்க் கணக்கு வேண்டும். தங்கள் பெயரில் தொடங்க மாட்டார்கள். "உன் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூன்றையும் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறோம்" என்று கல்லூரிப் பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள். உதவித்தொகைக்காக நாம் எல்லோரும் கணக்கு வைத்திருக்கிறோமே! ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை என்ற சலுகை, கணக்கை வாடகைக்கு விட்டவருக்கு ஒத்து வராது. யாரோ இழந்த பணம் உங்கள் பெயரில் வந்து போயிருந்தால், போலீஸ் முதலில் வருவது உங்கள் வாசலுக்கு. கணக்கு முடங்கினால் அதில் வர வேண்டிய ஸ்காலர்ஷிப்பும் நின்றுவிடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே பேங்கில் எழுதிக் கொடுத்துக் கார்டை நிறுத்திவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லிவிடுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், கூட வருகிறேன்.