கட்டுவிரியன் காட்டிக்கொடுத்த நோய்

கண்ணை ஒருதரம் மூடித் திறவுங்கள், பார்ப்போம்.

சுலபமாகத்தானே இருந்தது? ஆனால் அந்த இமையைத் தூக்க ஒரு தசை வேலை செய்தாக வேண்டும். அதற்கு நரம்பு உத்தரவு அனுப்ப வேண்டும். உத்தரவு வந்து சேராவிட்டால், நீங்கள் எவ்வளவு முயன்றாலும் இமை தொங்கியே கிடக்கும்.

கட்டுவிரியன் கடித்தவரிடம் மருத்துவர்கள் உற்றுப் பார்ப்பது இந்த இமையைத்தான். இந்தப் பாம்பு பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிக்கும். பல் மிகச் சிறியது. வலி, வீக்கம் அநேகமாக இருக்காது. கடிபட்டதே தெரியாமல் சிலர் வயிற்றுவலி என்று எழுந்து உட்காருவார்கள். பிறகு இமை இறங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சு விட உதவும் தசைகளும் ஓய்ந்துபோகும். (கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள் என்று பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கொசுவுக்கு மட்டுமல்ல அது.)

பாம்பையே பார்க்காத சிலருக்கும் இதே மாதிரி இமை இறங்குவதுண்டு. காலையில் நன்றாக இருப்பார்கள். பொழுது சாயச் சாய இமை தொங்கும், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், சாப்பிடும்போது பாதியிலேயே தாடை களைத்துவிடும். பேசப் பேசக் குரல் மூக்கால் வரும். கொஞ்சம் ஓய்வெடுத்தால் தேறும். இந்த நோய்க்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர்.

1934இல் லண்டனின் கிரீனிச் பகுதியில் மேரி வாக்கர் என்ற மருத்துவர் இந்த நோயாளிகளைக் கவனித்து வந்தார். தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் அம்பு நுனியில் தடவும் குராரே என்ற நஞ்சும் மனிதரை இப்படித்தானே துவளச் செய்கிறது என்று அவருக்குத் தோன்றியது. குராரேயை முறிக்கும் மருந்து ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதையே ஊசி போட்டுப் பார்த்தார். தொங்கிய இமை எழுந்தது! சில மணி நேரத்துக்குத்தான், ஆனாலும் எழுந்தது. அந்த வகையைச் சேர்ந்த நியோஸ்டிக்மின் என்ற மருந்தை, நல்ல பாம்பு கடித்தவர்களுக்கு விஷமுறிவு மருந்தோடு சேர்த்து இன்றும் நம் மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள்.

மருந்து கிடைத்தது. நோய் ஏன் வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. அதற்கு இன்னும் ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆயிற்று, ஒரு பாம்பும் தேவைப்பட்டது.

அந்தப் பாம்பு தைவானில் வாழ்கிறது. நம் கட்டுவிரியனுக்கு நெருங்கிய உறவு. உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். பாம்பின் விஷம் ஒரே ஒரு பொருள் அல்ல, பல புரதங்கள் கலந்தது. 1963இல் தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் சாங், லீ என்ற இருவர் இந்தப் பாம்பின் விஷத்தில் மின்சாரம் பாய்ச்சி, அதிலுள்ள புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். அவற்றில் ஒன்றுதான் ஆல்ஃபா பங்காரோடாக்ஸின். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் 74 அமினோ அமிலங்களே கொண்ட சின்னப் புரதம்.

அது என்ன செய்யும்? நரம்பின் நுனி தசையை நேரடியாகத் தொடுவதில்லை. நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கிறது. உத்தரவு வந்ததும் நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அந்த இடைவெளியில் விடும். தசையின் மேல் அதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. அசிட்டைல்கோலின் சாவி, ஏற்பி பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு திறந்தால் தசை சுருங்கும். தைவான் பாம்பின் நஞ்சு ஒரு போலிச் சாவி. உள்ளே நுழையும், ஆனால் திறக்காது. வெளியேயும் எளிதில் வராது. உண்மைச் சாவிக்கு இடமே இல்லை!

ஆளைக் கொல்லும் இந்தப் பிடிவாதம்தான் விஞ்ஞானிகளுக்குப் பிடித்துப்போனது. அந்தப் புரதத்தோடு கதிரியக்க அயோடினை ஒட்டி அனுப்பினால், எங்கெல்லாம் ஏற்பி இருக்கிறதோ அங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். கதிரியக்கத்தை அளந்தால் ஏற்பி எத்தனை என்று கணக்கு வந்துவிடும். ஏற்பிகள் ஏராளமாக வேண்டுமென்றால் மின்விலாங்கு இருக்கிறது. மின்சாரத்தால் இரையைத் தாக்கும் தென் அமெரிக்க மீன் அது. அதன் மின்னுறுப்பில் ஏற்பிகள் மண்டிக் கிடக்கும். பாரிஸில் ழான் பியர் ஷாஞ்சோ 1970இல் லீயோடு சேர்ந்து, இந்த நஞ்சின் துணையால் அந்த ஏற்பியை அடையாளம் கண்டார்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் என்ற இருவர் விலாங்கின் ஏற்பியை முயல்களுக்கு ஊசி வழியே செலுத்தினார்கள். ஏற்பியை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் முயலின் ரத்தத்தில் உண்டாகட்டும், ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். ஆனால் முயல்கள் துவண்டு விழுந்தன. மயஸ்தீனியா நோயாளிகளுக்குக் கொடுக்கும் வகை மருந்தைக் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்தன!

காரணம் புரிகிறதா? விலாங்கின் ஏற்பியை எதிரி என்று கற்றுக்கொண்ட முயலின் நோய் எதிர்ப்புச் சக்தி, தன் சொந்தத் தசையிலுள்ள ஏற்பியையும் தாக்கிவிட்டது. இந்தச் செய்தி 1973இல் வெளிவந்தது. அதே வருஷம் ஃபாம்ப்ரோ, டிராக்மன் குழுவினர் மயஸ்தீனியா நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த தசைத் துணுக்குகளில் கதிரியக்க நஞ்சை ஒட்டவைத்து எண்ணிப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு இருக்கும் ஏற்பிகளில் மூன்றில் ஒரு பங்குகூட அவர்களுக்கு இல்லை.

ஆக, நோயின் குட்டு வெளிப்பட்டது. நரம்பிலும் கோளாறில்லை, தசையின் சுருங்கும் திறனிலும் குறையில்லை. உடம்பின் காவல் படையே பூட்டுகளை உடைத்துக்கொண்டிருந்தது. அதனால் அந்தப் படையை அடக்கும் மருந்துகள், ரத்தத்திலிருந்து கெட்ட எதிர்ப்பொருள்களை அகற்றும் முறைகள் எல்லாம் சிகிச்சைக்குள் வந்தன. நோயைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையிலும் ஆல்ஃபா பங்காரோடாக்ஸின் இடம்பிடித்தது.

இத்தனையிலும் நோயாளிக்கு ஒரு சொட்டு விஷம்கூட மருந்தாகக் கொடுக்கவில்லை, கவனித்தீர்களா?

கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் மயாமியில் பில் ஹாஸ்ட் என்பவர் பாம்புப் பண்ணை வைத்திருந்தார். தன் உடம்பிலேயே நாகத்தின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டவர். நூறு தடவைக்கு மேல் கடிபட்டும் 100 வயது வரை வாழ்ந்தார். பாம்பு விஷத்தில் தயாரித்த ஒரு மருந்து, நரம்புறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயைத் தணிக்கும் என்று அவர் நம்பினார். 1970களில் ஆயிரக்கணக்கானோர் அதைத் தேடிப் போனார்கள். முறையான சோதனை இல்லை என்று அமெரிக்க அரசு 1980இல் அதற்குத் தடை போட்டது. மலேயக் குழிவிரியனின் விஷத்திலிருந்து எடுத்த ஆன்க்ராட் என்ற மருந்து பக்கவாதத்துக்கு உதவும் என்று 2000இல் வெளிவந்த ஒரு சோதனை சொன்னது. பிறகு நடந்த பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை.

ஹாஸ்ட் துணிச்சல்காரர், சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் பிழைத்திருந்ததும், சிலர் "எனக்குக் குணமாயிற்று" என்று சொன்னதும் மருந்துக்கு அத்தாட்சி ஆகாது. நரம்பு நோய்க்குப் பாம்பு விஷத்தில் செய்த மருந்து என்று உங்கள் வீட்டில் யாராவது பேச்செடுத்தால், "எத்தனை பேரிடம் சோதித்தார்கள், அந்த மருந்து கொடுக்காத எத்தனை பேரோடு ஒப்பிட்டார்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.