மருந்தாளுநர் தேர்வு: மனப்பாடம் போதுமா?

மருத்துவரைச் சந்திக்கக் காத்திருக்க வேண்டும். மருந்தாளுநரைச் சந்திக்க மருந்துக் கடையின் படியேறினால் போதும். தவறான மருந்து நோயாளியின் கைக்குப் போய்ச் சேரும் முன் அதைத் தடுக்கக்கூடிய கடைசி மனிதரும் அவர்தான். அந்த இடத்தில் நிற்பவருக்கான தேர்வு எதைச் சோதிக்கிறது என்பது மாணவர்களின் கவலை மட்டுமல்ல. மருந்து வாங்கும் அனைவரின் கவலையும்கூட.

டி.ஃபார்ம். பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டுகள்; அதன் பின் 500 மணி நேர நடைமுறைப் பயிற்சி. முன்பு இவற்றை முடித்தவுடன் மாநில கவுன்சிலில் மருந்தாளுநராகப் பதிவு செய்துகொள்ள முடிந்தது. இந்திய பார்மஸி கவுன்சில் 2022-இல் வெளியிட்ட விதிமுறைகள், பதிவுக்கு முன் ஒரு தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கின. அதன் முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடைபெற்றது. மூன்று தாள்கள், அனைத்தும் சரியான விடையைத் தெரிவு செய்யும் வினாக்கள்.

மருந்தியல் கற்பிப்பவன் என்ற முறையில், மாணவர்கள் இதற்குத் தயாராகும் விதத்தை அருகிலிருந்து பார்க்கிறேன். மருந்துகளின் வகைப்பாடு, பக்கவிளைவுகள், சட்டப் பிரிவுகள் எனப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். அது வீண் அல்ல. அடிப்படை அறிவின்றி எந்த முடிவையும் எடுக்க முடியாது. ஆனால், ஒரு மருந்தைப் பற்றி அறிந்திருப்பது வேறு. அந்த மருந்தை இந்த நோயாளிக்குக் கொடுக்கலாமா என்று முடிவெடுப்பது வேறு.

அன்றாடம் நிகழக்கூடிய ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். எழுபது வயது மூதாட்டி. எடை 50 கிலோ. ரத்த அழுத்தத்துக்காக டெல்மிசார்டனும், சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சாப்பிட்டு வருகிறார். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரை கேட்கிறார். அவர் கையிலுள்ள பரிசோதனை அறிக்கையில் கிரியாட்டினின் அளவு 1.4. சற்றே கூடுதல், அவ்வளவுதானே என்று தோன்றும். வயது, எடை, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், கிரியாட்டினின் வெளியேற்றம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் மட்டுமே. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. அந்த மூன்று மருந்துகளும் ஒன்றுசேர்ந்தால் அது திடீரெனச் செயலிழக்கவும் கூடும்.

மூன்று மருந்துகளையும் தனித்தனியே அறிந்த மாணவர் இங்கே தடுமாறக்கூடும். மூன்றையும் ஒரே உடலில் வைத்துப் பார்க்கப் பழகியவர், டைக்ளோஃபினாக்கைத் தராமல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பார்.

குழந்தைகளுக்கான கணக்கு இன்னும் நுட்பமானது. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி கிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மில்லி கிராம் கொடுக்க, ஐந்து மில்லி லிட்டரில் 125 மில்லி கிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி லிட்டர். 250 மில்லி கிராம் உள்ள சிரப் என்றால் 3 மில்லி லிட்டர். புட்டி மாறி, அளவு மாறாவிட்டால் மருந்து இரட்டிப்பாகிவிடும். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த ஒரு சொல்லை அழுத்திச் சொல்வதும் மருந்தாளுநரின் பணிதான்.

ஆகவே, தேர்வுக்குத் தயாராவோருக்கு நான் சொல்வது இதுதான்: தினமும் ஒரு மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். இந்த மருந்து இந்த நோய்க்குத் தேவையா? அளவும் கால இடைவெளியும் சரியா? வயது, கர்ப்பம், சிறுநீரகம், கல்லீரல், ஒவ்வாமை ஆகியவற்றில் ஏதேனும் தடை உண்டா? ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு ஒத்துப்போகுமா? எப்படிச் சாப்பிடுவது என்பது நோயாளிக்குப் புரிந்ததா? இவற்றுக்கு விடை தேடும்போது, படித்த பட்டியல்கள் தாமாகவே நினைவில் நிற்கும்.

சரியான விடையைத் தெரிவு செய்யும் முறையிலும் இத்தகைய பகுத்தறிதலைச் சோதிக்க முடியும். அமெரிக்காவின் மருந்தாளுநர் உரிமத் தேர்வில் நோயாளியின் விவரங்களை முன்வைத்தே பல வினாக்கள் கேட்கப்படுகின்றன. நம் தேர்விலும் அவ்வகை வினாக்கள் பெருக வேண்டும். வினாத்தாள் எப்படியோ, வகுப்பறையும் அப்படியே. மருந்தின் வகையை மட்டும் கேட்டால் கல்லூரிகள் அதை மட்டுமே கற்பிக்கும். நோயாளியைப் பற்றிக் கேட்டால், மாணவர்களை மருத்துவமனை வார்டுகளுக்கு அழைத்துச் செல்வதைத் தவிர அவற்றுக்கு வழியிருக்காது.

மருத்துவரின் முடிவை மருந்தாளுநர் தாமாகவே மாற்றிவிட முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால், ஐயம் எழும்போது அதை எழுப்பும் அறிவும் துணிவும் அவருக்கு வேண்டும். உரிமத் தேர்வு உறுதி செய்ய வேண்டியது அதைத்தான்.