உறைந்த விந்தணு விழிக்கும் அரை நிமிடம்

திட்டக்குடி, பெண்ணாடம் பக்கத்துக் கிராமங்களில் ‘சினை ஊசி’ என்றால் தெரியாதவர் இல்லை. காலையில் விடாமல் கத்தத் தொடங்கிய பசுவை மாலையில் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டி வருவார்கள். அங்கே ஓர் அலுமினியக் கலத்தின் மூடியைத் திறந்தால் வெண்புகை வழிகிறது. உள்ளிருந்து இடுக்கியால் ஒரு மெல்லிய குச்சி எடுக்கப்பட்டு, வெதுவெதுப்பான நீரில் போடப்படுகிறது. அரை நிமிடம் ஆனதும் அதை எடுத்துத் துடைத்துப் பயன்படுத்துகிறார்கள்.

குச்சிக்குள் இருப்பது காளையின் விந்து. அளவு கால் மில்லிலிட்டர். காளை தொலைவில் எங்கோ இருக்கிறது. உதகமண்டலம், ஓசூர், தஞ்சை மாவட்டத்து ஈச்சங்கோட்டை போன்ற இடங்களில் உறைவிந்து நிலையங்கள் உள்ளன. கலத்தில் இருக்கும் திரவ நைட்ரஜனின் வெப்பநிலை சுழிக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் உயிருள்ள பொருள் எப்படித் தாங்குகிறது?

அந்தக் குளிரைத் தாங்குவது கடினமே அல்ல! அங்கே வேதிவினைகள் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன, கெட்டுப்போக வழியில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தார், 1968 இல் உறைய வைத்த செம்மறிக் கிடாவின் விந்தை ஐம்பது ஆண்டுகள் கழித்து 56 ஆடுகளுக்குச் செலுத்தினார்கள். 34 ஆடுகள் சினைப்பட்டன என்று 2019 இல் அறிவித்தார்கள். ஆபத்தெல்லாம் அந்தக் குளிருக்குப் போகும் வழியிலும், திரும்பி வரும் வழியிலும்தான்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஈரப் பொம்மையை அப்படியே சூளையில் வைத்தால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பொம்மையைப் பிளந்துவிடும். அதனால் முதலில் உலர்த்துகிறார்கள். விந்தணுவிலும் தொல்லை தருவது நீர்தான். மிக வேகமாகக் குளிர்வித்தால், நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே பனிப்படிகமாகி மென்சவ்வுகளைச் சிதைக்கும். மெதுவாகக் குளிர்வித்தால் வெளியே உள்ள நீர் முதலில் உறையும். மிஞ்சிய நீரில் உப்பின் செறிவு ஏறும். அது விந்தணுவின் நீரை இழுத்துவிடும். பொம்மை நன்றாக உலர்ந்தால் நல்லதுதான். விந்தணுவோ அளவுக்கு மீறி வற்றினால் சுருங்கி, அடர்ந்த உப்பில் நெடுநேரம் கிடந்து அழியும். இரண்டுக்கும் இடையே ஒரு வேகத்தைப் பிடிக்க வேண்டும்.

வேகம் மட்டும் போதாது என்பதை 1949 இல் இங்கிலாந்தில் ஒரு தற்செயல் காட்டியது. போல்ஜ், ஆட்ரி ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவலின் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறைய வைத்துத் தோற்றிருந்தார்கள். சில மாதங்களுக்குப் பின் பழைய புட்டியை எடுத்து மறுபடி முயன்றபோது விந்தணுக்கள் பிழைத்தன. புதிதாகச் சர்க்கரைக் கரைசல் செய்தால் மீண்டும் தோல்வி! புட்டியில் மிஞ்சியதைச் சோதித்துப் பார்த்தால், அதில் சர்க்கரையே இல்லை, கிளிசரால் இருந்தது. பெயர்ச்சீட்டு மாறிப்போயிருக்கிறது. கிளிசரால் விந்தணுவுக்குள் புகுந்து, உறையும் நீரின் அளவைக் குறைத்து, உப்பு அடர்ந்துவிடாமலும் தடுக்கிறது. இன்றும் காளை விந்துடன் கிளிசராலைச் சேர்க்கிறார்கள். முட்டையின் மஞ்சள் கருவும் சேர்வதுண்டு. சுழிக்கு மேலேயே, குளிரத் தொடங்கும்போதே சவ்வுக்கு நேரும் அதிர்ச்சியை அது தணிக்கிறது.

இனித் திரும்பும் வழி. உருகும்போது வெப்பநிலை மெல்ல ஏறினால், சிறு பனிப்படிகங்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரியவையாக வளர்கின்றன. ஆகவே அந்தக் கட்டத்தை விரைந்து கடக்க வேண்டும். 37 டிகிரி நீரில் 30 விநாடி என்ற விதி இதனால் வந்ததே. சட்டைப் பையில் வைத்தோ, கையால் தேய்த்தோ உருக்குவது தவறு. வேறொரு குச்சியைத் தேடுவதற்காகக் கலத்தின் கழுத்துக்கு மேலே கொத்தாகத் தூக்கிப் பிடிப்பதும் கேடு. வெளிக்காற்றில் சில விநாடிகளிலேயே குச்சி சூடேறிவிடும். மீண்டும் நைட்ரஜனில் இறக்கினாலும் நேர்ந்த கேடு நேர்ந்ததுதான். வெளியே பார்த்தால் குச்சியில் ஒரு வேறுபாடும் தெரியாது.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பெரும்பகுதி இழப்புதான். ஒரு குச்சியில் சுமார் இரண்டு கோடி விந்தணுக்களை அடைக்கிறார்கள். உருக்கியபின் பாதியாவது நீந்த வேண்டும் என்பது நம் நாட்டு விதி. நீந்துவதெல்லாம் பயன்படும் என்றும் சொல்ல முடியாது. தலையில் தொப்பிபோல் ஒரு பை இருக்கிறது. முட்டையின் உறையைத் துளைக்கும் நொதிகள் அதில் உள்ளன. அது கிழிந்த விந்தணு, வால் ஆட்டினாலும் கருவூட்டாது.

பிழைத்தவற்றுக்கும் ஆயுள் குறைவு. புதிய விந்தைப்போல அவை பசுவின் உடலில் நெடுநேரம் காத்திருக்க மாட்டா. பசுவின் முட்டையோ, பருவ அறிகுறிகள் அடங்கிய பிறகுதான் வெளிப்படும். காலையில் கத்திய பசுவுக்கு மாலையில் ஊசி போடுவது இதற்காகவே. தவறிப்போனால் பசு மறுபடி கத்துவதற்குச் சுமார் 21 நாள் ஆகும். அதுவரை தீவனச் செலவு உண்டு. கன்றும் பாலும் அத்தனை நாள் தள்ளிப்போகும். ஊசி போட்ட நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்து, மூன்றாவது வாரம் பசுவின் குரலுக்குக் காது கொடுத்திருப்பார்கள். அது கத்தாதிருந்தால் மகிழ்ச்சி.