மூடுபனியில் தரையைப் பார்க்கும் விளக்கு



காரின் முன் பம்பரில், கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன விளக்குகள் இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? "பெரிய விளக்குகள் மேலே இருக்கும்போது இது எதற்கு? அதுவும் இவ்வளவு கீழே?" என்று உங்களில் சிலர் யோசித்திருப்பீர்கள். சபாஷ்! அறிவியல் அந்த 'எதற்கு'விலிருந்துதான் தொடங்குகிறது.

அதன் பெயர் பனிமூட்ட விளக்கு. மெக்கானிக் அண்ணன்கள் 'ஃபாக் லைட்' என்பார்கள். அதில் ஒன்று உடைந்துபோனால் வீட்டிலேயே எப்படி மாற்றுவது என்று இன்று பார்க்கப்போகிறோம். அது வேலை செய்யும் விதம் புரிந்துவிட்டால், மாற்றுவதும் சரியாக வரும்.

மூடுபனி எப்படி வருகிறது என்று பார்க்க, முதலில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போவோம். கார்கள் பிறக்கும் ஊர்கள் அவை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-இல் சான்ட்ரோ கார் வந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2012-இல் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் திறந்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் விடியற்காலையில் வரிசையாகப் போகும்.

அதே சாலைகளைச் சுற்றி ஏரிகளும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, கொஞ்சம் தள்ளிச் செம்பரம்பாக்கம் ஏரி. மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய ஈரக்காற்றும் குளிரும். அதிலுள்ள நீராவி குட்டிக் குட்டி நீர்த்துளிகளாக மாறும். அதுதான் மூடுபனி. புகைத்துகள் இருந்தால் துளிகள் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் சுலபமாக உருவாகும். 2018 போகி அன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களையே தாமதப்படுத்தின.

இதுவரை புரிந்ததா? சரி, இப்போது ஒரு சோதனை.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுங்கள். இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். டம்ளருக்குப் பின்னால், பெரிய எழுத்து எழுதிய ஒரு தாளை நிறுத்துங்கள். அறையை இருட்டாக்குங்கள். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, டம்ளருக்குள் ஒளி அடியுங்கள். டம்ளர் முழுக்க வெளுப்பாகத் தெரியும். எழுத்து மங்கிவிடும். இப்போது டார்ச்சை நகர்த்தி, டம்ளரின் மேல் படாமல் நேராகத் தாளின் மேல் அடியுங்கள். எழுத்து முன்னைவிட நன்றாகத் தெரிகிறதா?

என்ன நடந்தது? பாலிலுள்ள கொழுப்புத் துகள்கள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடித்தன. அதில் ஒரு பங்கு உங்கள் கண்ணுக்கே திரும்பி வந்தது. அந்த வெளுப்புதான் எழுத்தை மறைத்தது.

மூடுபனியில் பெரிய விளக்குகளின் ஹை பீமை, அதாவது தூரத்துக்கு அடிக்கும் ஒளியைப் போட்டாலும் இதேதான் நடக்கும். ஓட்டுநர் எந்தப் பனி வழியாகப் பார்க்க வேண்டுமோ, அதே பனியில் ஒளி பட்டுத் திரும்பி அவர் கண்ணைக் கூசவைக்கும். வெளிச்சம் கூடக்கூட, தெரிவது குறையும்!

பனிமூட்ட விளக்கு இதற்கு மூன்று வழி செய்கிறது. ஒன்று, ஓட்டுநரின் கண்ணுக்கு வெகு கீழே இருக்கிறது. இரண்டு, ஒளியை இருபுறமும் அகலமாகப் பரப்பி, சாலையோரக் கோட்டைக் காட்டுகிறது. மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம்: ஒளியின் மேல்விளிம்பு கத்தரித்த மாதிரி நேராக நின்றுவிடும். அதற்கு மேலே உள்ள பனியில் ஒளி படுவதில்லை. எங்கே வெளிச்சம் போடக்கூடாது என்று தெரிந்த விளக்கு இது!

"மாமா, மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகுமாமே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பிரான்சில் 1936 முதல் 1993 வரை காரின் முன்விளக்குகளே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆனால் பனித்துளி, ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கும். மூடுபனி வெள்ளையாகத் தெரிவதும் அதனால்தான். மஞ்சள் சிலருடைய கண்ணுக்கு இதமாக இருக்கலாம். பனியைச் சமாளிப்பது நிறமல்ல, ஒளி போகும் பாதை.

கீழே இருப்பது இந்த விளக்குக்குப் பலம். ஆபத்தும் அதுவே. ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் போனால் தெறிக்கும் கல் முதலில் அங்கேதான் படும். கண்ணாடி விரிசல் விட்டால் உள்ளே தண்ணீர் புகும். பளபளப்பான பிரதிபலிப்பான் கறுத்துப்போகும். சூடான பல்பின் மேல் குளிர்ந்த நீர் பட்டால் பல்பே வெடிக்கலாம்.

சரி, மாற்றுவோமா? இது அப்பா, அம்மா அல்லது மாமாவோடு சேர்ந்து செய்யும் வேலை. கருவியை அவர்கள் பிடிக்கட்டும். நீங்கள் டார்ச் பிடியுங்கள், கழற்றும் ஸ்குரூக்களை ஒரு கிண்ணத்தில் எண்ணிப் போடுங்கள். வண்டிக்கு அடியில் யாரும் போகவேண்டாம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். வலப்பக்க விளக்கு என்றால் ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் திருப்புங்கள். அப்போதுதான் டயருக்கு முன்னால் கை நுழைய இடம் கிடைக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் நன்றாக ஆறட்டும்.

அடுத்து பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். ஏன் முதலில் மைனஸ்? காரின் இரும்பு உடல் முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறி உடலில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் மின்சுற்று அறுந்துவிடும். புரிந்ததல்லவா?

இப்போது சக்கர வளைவுக்குள் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தடுப்பின் கிளிப்புகளைக் கழற்றி, அதை மெல்ல மடக்குங்கள். விளக்கின் பின்புறம் தெரியும். அதில் மாட்டியிருக்கும் ஒயர் இணைப்பின் (கப்ளர்) பூட்டை அழுத்தி இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. விளக்கைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றினால் பழையது கைக்கு வந்துவிடும். உடைந்த கண்ணாடி, அதனால் கையுறை அவசியம். சில கார்களில் பம்பரையே கழற்ற வேண்டியிருக்கும். அந்த வேலை ஒர்க்‌ஷாப்புக்குப் போகட்டும்.

புது விளக்கில் ஹாலஜன் பல்பை மாட்டும்போது அதன் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். அடிப்பகுதியைப் பிடித்தே மாட்டுங்கள். கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக எல்லாவற்றையும் பூட்டி, கடைசியில் மைனஸை இணையுங்கள். விளக்கு எரிகிறதா? கைதட்டுங்கள்!

பொறுங்கள், வேலை இன்னும் முடியவில்லை. ஒளி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டாமா? பட்டம் விடும்போது கையருகே நூல் துளி சாய்ந்தால், மேலே பட்டம் எவ்வளவு தூரம் நகர்ந்துவிடுகிறது! விளக்கின் சாய்வும் அப்படித்தான். கொஞ்சம் நிமிர்ந்துவிட்டாலும் ஒளி மேலே ஏறிப் பனியில் அடிக்கும். எதிரே வருபவர் கண்ணிலும் அடிக்கும். கார் ஆலைகளிலும் வண்டி வெளியே போகுமுன் முன்விளக்குகளின் கோணத்தைச் சோதிக்கிறார்கள்.

நீங்களும் சோதிக்கலாம். இருட்டிய பிறகு, சுவரிலிருந்து விளக்கு 5 மீட்டர் தள்ளி இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து 40 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் 30 செ.மீ. உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டருகே நிற்க வேண்டும். உங்கள் காரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். விளக்கருகே உள்ள சிறு ஸ்குரூவைத் திருப்பினால் விளிம்பு ஏறும், இறங்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. 5 மீட்டரில் 10 செ.மீ. இறங்கும் ஒளி, 40 செ.மீ. இறங்கித் தரையைத் தொட எத்தனை மீட்டர் போக வேண்டும்? 20 மீட்டர் என்று சொன்னவர்களுக்கு ஒரு 'பலே'! மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். அப்படியானால் விளக்கு காட்டும் சாலை ஒன்றேகால் நொடிக்குக்கூடப் போதாது. அதே கார் 20 கி.மீ. வேகத்தில் போனால் எத்தனை நொடி கிடைக்கும்? நீங்களே கண்டுபிடியுங்கள். அடுத்த பனிக்காலத்தில் அப்பா காரை எடுக்கும்போது, அந்த விடையை அவரிடம் சொல்லுங்கள்.